வசந்தவல்லிக்கு என்ன நோய்?

மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயரின் குற்றாலக் குறவஞ்சி எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்திலேயே அறிமுகமாகிவிடும். மலைவளம் பாடும் குறத்தியும் குரங்குகளும் மனதில் நின்றுவிடுகிறார்கள். வசந்தவல்லிதான் மறந்துபோகிறாள். யார் அவள்? தெருவில் பந்தடித்து விளையாடுகிற பெண். வீதியுலா வந்த குற்றாலநாதரை ஒருநாள் பார்க்கிறாள். அதன்பிறகு உறக்கமில்லை, நிலா சுடுகிறது, தென்றல் பிடிக்கவில்லை. நிலவையும் மன்மதனையும் வைகிறாள். பக்கத்தில் இருப்பவர்கள் பதறுகிறார்கள். கடைசியில் ஊருக்குச் சொந்தமில்லாத குறத்தி ஒருத்தி வந்து, கையைப் பார்த்து, அவள் உள்ளத்தில் கிடப்பதைச் சொல்கிறாள்.

18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதப்பட்ட இந்த நூலைப் பக்தி என்றும் படிக்கலாம், காதல் என்றும் படிக்கலாம், சந்தத்துக்காக மட்டும்கூடப் படிக்கலாம். தென்காசிப் பக்கம் வடகரையில் உட்கார்ந்து இப்போது திருப்பிப் படிக்கும்போது எனக்கு அது வேறொன்றாகத் தெரிகிறது. பதின்பருவத்துப் பெண் ஒருத்தியின் மனம் நிலைகுலைகிறது. வீட்டாரால் அதைப் படிக்க முடியவில்லை. படிக்கத் தெரிந்த ஒருத்தி வெளியிலிருந்து வருகிறாள்.

இந்தக் கதை அமைப்பு கவிராயர் கண்டுபிடித்ததல்ல. சங்கக் குறிஞ்சிப் பாடல்களில் மகள் மெலிந்து போகிறாள். தாய்க்குக் காரணம் தெரியவில்லை. முருகு அணங்கியது என்று முடிவுகட்டி, வெறியாடும் பூசாரியான வேலனை அழைக்கிறாள். ஆட்டுக்குட்டி பலியாகிறது, வெறியாட்டு நடக்கிறது. மகளுக்கோ சிரிப்பும் வருகிறது, பயமும் வருகிறது. அப்போதுதான் தோழி முன்வந்து உள்ளதைச் சொல்கிறாள். இலக்கணக்காரர்கள் இதற்கு ‘அறத்தொடு நிற்றல்’ என்று பெயர் வைத்தார்கள். கபிலரின் குறிஞ்சிப்பாட்டு 261 அடிகளிலும் தோழி செவிலியிடம் பேசுகிற பேச்சுத்தான். அதில் வரும் 99 பூக்களைப் பட்டியல் போட்ட அளவுக்கு, அந்தப் பாட்டைப் பேசுகிறவள் யார் என்பதை நாம் கவனித்ததில்லை.

பதின்பருவத்தினரின் மனத்துயரை எழுதும் கதைகளை இந்தக் கோணத்திலிருந்து பார்க்க விரும்புகிறேன். கதையைச் சொல்வது யார்? தாயா, வேலனா, தோழியா?

குற்றால அருவியில் நிறுத்தினால் சித்தம் தெளியும் என்ற நம்பிக்கை இந்தப் பக்கத்தில் பழையது. வீட்டில் ஒரு பிள்ளை பேசாமல், சாப்பிடாமல், மூலையில் உட்கார்ந்தால் முதலில் வரும் பேச்சு, “எங்கயோ பயந்திருக்கு.” பிறகு வேப்பிலை, தாயத்து, ஓதிய தண்ணீர், பண்பொழி திருமலைக் குமரனுக்கோ பொட்டல்புதூர் பள்ளிவாசலுக்கோ ஒரு நேர்ச்சை. இதையெல்லாம் ஏளனமாகச் சொல்லவில்லை. பிள்ளைக்கு ஏதோ ஆகிவிட்டது என்பதை ஒத்துக்கொள்கிற குடும்பம், “நடிக்கான், கொழுப்பு” என்று சொல்கிற குடும்பத்தைவிட நூறு மடங்கு தேவலை. ஆனால் பிள்ளையிடம் என்ன என்று கேட்கிற இடம் இந்த வரிசையில் எங்குமே இல்லை. வேலன் எப்போதும் தாயிடம்தான் பேசினான்.

2015–16இல் பெங்களூர் நிம்ஹான்ஸ் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்கள் இருந்தன. 13 முதல் 17 வயது வரையிலானோரில் 7.3 விழுக்காட்டினருக்கு ஏதோ ஒரு மனநலச் சிக்கல் இருப்பதாக அது சொன்னது. உலக அளவில் 10 முதல் 19 வயதினரில் ஏழில் ஒருவர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. 2022ஆம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் 13,044 மாணவர்கள் தங்கள் உயிரை மாய்த்துக்கொண்டதாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் பதிவு செய்திருக்கிறது. அந்தப் பட்டியலில் தமிழ்நாடு கீழே இருந்த ஆண்டு அரிது. எண்கள் போதும். நம்முடைய கதைகள் இந்தப் பிள்ளைகளை எப்படிப் பார்த்தன என்பதற்கு வருகிறேன்.

நன்றாகவே பார்த்தன. தி. ஜானகிராமனின் ‘முள்முடி’யை எடுத்துக்கொள்வோம். மாணவர்களை அடித்தே அறியாத அனுகூலசாமி வாத்தியார் ஓய்வு பெறுகிறார். மாலை, பாராட்டு, ஊர்வலம். இரவில் ஒரு தாய் மகனை அழைத்துக்கொண்டு வருகிறாள். அந்தப் பையன் சின்னையன் ஒரு புத்தகத்தைத் திருடியவன். அதற்காக வகுப்பில் யாரும் அவனோடு பேசக்கூடாது என்று ஆகி ஒரு வருடம் ஓடிவிட்டது. வாத்தியார் அதை மறந்தே போயிருக்கிறார். பிரம்பு எடுக்காத கையும் ஒரு பிள்ளையை நொறுக்க முடியும் என்பதைத் தமிழில் இதைவிட நுட்பமாகச் சொன்ன கதையை நான் படித்ததில்லை. ஒதுக்கிவைத்தல் என்ன செய்யும் என்பதை இன்று உளவியல் பாடமாக நடத்துகிறார்கள். ஜானகிராமன் அதை ஒரு வீட்டு வாசலில் நிறுத்திக் காட்டிவிட்டார். ஆனால் கதை முடியும்போது முள்முடி யார் தலையில் ஏறுகிறது? வாத்தியார் தலையில். சின்னையனின் அந்த ஒரு வருடம் எப்படிப் போயிற்று, மதியச் சாப்பாட்டை எங்கே உட்கார்ந்து சாப்பிட்டான் என்பது நமக்குத் தெரியாது.

1990களில் வந்த இரா. நடராசனின் ‘ஆயிஷா’வும் அப்படித்தான். கேள்வி கேட்கிற பத்தாம் வகுப்புப் பெண். கேள்விக்குப் பதிலாக அடி. அடி வலிக்காமல் இருக்க அவள் தேடிய வழி அவள் உயிரையே வாங்கிவிடுகிறது. லட்சம் பிரதிகளைத் தாண்டிய அந்தச் சிறு நூலை ஆசிரியர்கள் கண்ணீரோடு படித்தார்கள். நூலாசிரியருக்கே ‘ஆயிஷா’ அடைமொழியாகிவிட்டது. கதை ஒரு புத்தகத்துக்கு எழுதப்பட்ட முன்னுரையின் வடிவில் இருக்கிறது. எழுதுகிறவர் அந்தப் பெண்ணின் அறிவியல் ஆசிரியை. குற்ற உணர்வும் அவருடையது, அதிலிருந்து விடுபடும் முயற்சியும் அவருடையது. ஆசிரியர் பயிற்சியில் கட்டாயம் படிக்க வேண்டிய கதை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் ஆயிஷா வயதுப் பெண் ஒருத்தி இதைப் படித்தால் அவளுக்கு என்ன கிடைக்கும்? நான் செத்தால்தான் டீச்சருக்குப் புரியும் என்று அவள் எடுத்துக்கொண்டால் அது அவள் தப்பா?

இது வீம்புக்குக் கேட்கிற கேள்வி அல்ல. நம் கதைகளில் பிள்ளைகளின் சாவு பெரியவர்களுக்குப் பாடமாகப் பயன்பட்டிருக்கிறது. இமையத்தின் ‘செல்லாத பணம்’ 2020ஆம் ஆண்டின் சாகித்திய அகாதமி விருதுக்குரிய நாவல். தீக்காயப் பிரிவின் வாசலில் மகளுக்காகப் பெற்றோர் காத்துக்கிடக்கும் பக்கங்களை மறக்க முடியாது. அங்கும் பேசுவது வாசலில் இருப்பவர்கள்தான், உள்ளே கிடப்பவள் அல்ல. எழுதியவர்கள் குறை என்று இதைச் சொல்ல மாட்டேன். அவர்கள் பெரியவர்களுக்காக எழுதினார்கள், அதை நேர்மையாகவும் எழுதினார்கள். அந்தக் கதைகளைத் தவிர வேறெதையும் நாம் பிள்ளைகள் கையில் கொடுக்கவில்லை என்பதுதான் என் வருத்தம்.

விதிவிலக்குகள் உண்டு. அம்பையின் ‘அம்மா ஒரு கொலை செய்தாள்’ கதையில் பேசுவது அந்தப் பெண்ணே. வயதுக்கு வந்த நாளில், ஊரிலிருந்து திரும்பும் அம்மாவுக்காக அவள் காத்திருக்கிறாள். அம்மா வந்து ஒரே ஒரு வாக்கியம் சொல்கிறாள். கொலை அதுதான். நிறத்தைப் பற்றியும் உடம்பைப் பற்றியும் ஒரு பதின்மூன்று வயதுக்காரி கொள்ளும் பயத்தை உள்ளேயிருந்து எழுதிய கதை அது. சுந்தர ராமசாமியின் ‘குழந்தைகள் பெண்கள் ஆண்கள்’ நாவலில் பாலுவுக்கு அப்பாவிடம் இருக்கும் நடுக்கத்தைப் படிக்கும்போது நமக்கும் வயிற்றைப் பிசைகிறது. சல்மாவின் ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’யில் ராபியாவின் கண்வழியே, பெண்பிள்ளைகளின் உலகம் பருவத்தோடு எப்படிச் சுருங்குகிறது என்று பார்க்கிறோம்.

ஜெயகாந்தனிடம் வினோதமான ஓர் இரட்டை இருக்கிறது. 1966இல் ஆனந்த விகடனில் வந்த ‘அக்கினிப் பிரவேசம்’ கதையில் சீரழிக்கப்பட்டு வீடு திரும்பும் கல்லூரிப் பெண்ணின் தலையில் தாய் தண்ணீரை ஊற்றி, நீ சுத்தமாகிவிட்டாய் என்கிற பொருள்படத் தேற்றுகிறாள். தாயே தோழியாக மாறுகிற கணம். ஊர் கொந்தளித்தது. பிறகு அந்தத் தாய் அப்படிச் செய்யாமல் கத்திக் கூப்பாடு போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை அவரே ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ என்று நாவலாக எழுதினார். பக்கத்தில் ஒருவர் இருப்பதற்கும் இல்லாததற்கும் உள்ள வித்தியாசம் அந்தச் சிறுகதைக்கும் இந்த நாவலுக்கும் இடையில் இருக்கிறது. மனநல ஆலோசகர்களுக்கு நான் பரிந்துரைக்க வேண்டுமென்றால் இந்த இரண்டையும் சேர்த்தே பரிந்துரைப்பேன்.

சரி, இவையெல்லாம் எந்த அலமாரியில் இருக்கின்றன? கிளை நூலகம் எதற்குள் வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். ‘சிறுவர்’ என்று ஓர் அடுக்கு. அடுத்தது நேராக ‘நாவல்’. நடுவில் படிக்கட்டு இல்லை. பழைய உலாக்காரர்கள் பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை என்று பெண்ணின் வயதைப் பிரித்துப் பிரித்துப் பெயரிட்டார்கள், ஆணின் கண்ணுக்காகத்தான் என்றாலும். ஆணுக்கு விடலை என்றொரு சொல் இருந்தது. பாலைத்திணையில் காதலியை அழைத்துக்கொண்டு காட்டைக் கடக்கும் வீரனின் பெயர் அது. இன்று பேருந்து நிலையத்தில் நிற்கும் பையன்களைத் திட்டுவதற்குத்தான் ‘விடலைப் பசங்க’ மிஞ்சியிருக்கிறது.

இதழ்களின் கதையும் இதுவே. 1947இல் அம்புலிமாமா, 1950இல் ஆர்வி நடத்திய கண்ணன், 1972இல் கோகுலம், 1999இல் சுட்டி விகடன். எல்லாமே பன்னிரண்டு பதின்மூன்று வயதோடு பிள்ளையைக் கைவிட்டன. அதன்பிறகு பையன்கள் சிவகாசியிலிருந்து வந்த முத்து காமிக்ஸில் இரும்புக்கை மாயாவியைத் தேடிப் போனார்கள். அங்கிருந்து ராஜேஷ்குமாரின் துப்பறியும் நாவல்களுக்கு. பெண்பிள்ளைகள் அக்காமார் ஒளித்துவைத்த ரமணிசந்திரனுக்குப் போனார்கள். நானும் அந்த வழியில் வந்தவன்தான், புகார் இல்லை. ஆனால் துப்பறிவாளருக்கும் பணக்காரக் கதாநாயகனுக்கும் நடுவில், ராத்திரி காரணமில்லாமல் அழுகை வருகிற பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு அங்கே இடமிருக்கவில்லை.

அண்மையில்தான் கொஞ்சம் அசைவு தெரிகிறது. பாலியல் சீண்டலுக்கு ஆளான குழந்தைக்கு ஒரு மரப்பாச்சி பொம்மை பேச்சுத்துணையாகும் யெஸ். பாலபாரதியின் ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’ 2020ஆம் ஆண்டின் பால சாகித்திய விருது பெற்றது. கவனியுங்கள், இங்கே தோழி வந்துவிட்டாள், மரத்தில் செய்த தோழி. பெரியவர்கள் யாரிடமும் சொல்ல முடியாததைப் பொம்மையிடம் சொல்லலாம் என்று ஆசிரியர் கண்டுகொண்டதே அந்நூலின் வெற்றி. அவரே ஆட்டிசம் உள்ள பையனை மையமாக வைத்துத் ‘துலக்கம்’ நாவலையும் எழுதியிருக்கிறார். எங்களுக்குப் பக்கத்துச் சீமை கோவில்பட்டியைச் சேர்ந்த உதயசங்கர் தம் கதைகளை ‘இளையோர் நாவல்’ என்ற அடையாளத்தோடே வெளியிடுகிறார். கீழடியைப் பின்னணியாகக் கொண்ட ‘ஆதனின் பொம்மை’க்கு 2023இல் அதே விருது வந்தது. விஷ்ணுபுரம் சரவணனின் ‘கயிறு’ பிள்ளைகளின் மணிக்கட்டில் ஏறும் சாதிக் கயிற்றைப் பற்றிய சிறு கதை. பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கம் நுழை, நட, ஓடு, பற என்று நூல்களை வகைப்படுத்தியிருக்கிறது. பறக்கிற பிள்ளை அடுத்து எங்கே போய் உட்காரும் என்பதற்கு இன்னும் பதில் இல்லை.

கயிறு என்றதும் எங்கள் பக்கத்தைப் பற்றிப் பேசாமல் நகர முடியாது. 2022 செப்டம்பரில் சங்கரன்கோவில் பக்கம் பாஞ்சாகுளத்தில், தின்பண்டம் வாங்க வந்த பட்டியல் சாதிப் பிள்ளைகளுக்குக் கடைக்காரர் கொடுக்க மறுத்த காணொளியைத் தமிழ்நாடே பார்த்தது. காரணம் கேட்டு நிற்கும் அந்தப் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தவர்கள், மனநலம் என்ற சொல்லைத் தனியாக எடுத்துப் பேச முடியாது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவர் ஒருவரும் அவருடைய தங்கையும் சக மாணவர்களாலேயே வீடு புகுந்து வெட்டப்பட்டார்கள். அதையொட்டி அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் கொடுத்த அறிக்கை, கையில் கட்டும் வண்ணக் கயிறுகளுக்குத் தடை முதற்கொண்டு பலவற்றைப் பரிந்துரைத்தது. அறிக்கை பெரியவர்கள் எழுதுவது. வெட்டுப்பட்டவனின் இரவையும் வெட்டப் போனவனின் முந்திய நாளையும் எழுத நாவலாசிரியர் வேண்டும். அமெரிக்க நாவல்களில் பதின்பருவத்தானின் துயரம் பெரும்பாலும் அவன் படுக்கையறையில் தொடங்குகிறது. இங்கே அது பேருந்தின் எந்தப் படியில் யார் நிற்பது என்பதில் தொடங்குகிறது. அதனால் அவர்களுடைய கதை அச்சை அப்படியே வாங்கி இங்கே வார்க்க முடியாது.

இந்த வேலையைப் புத்தகத்தைவிடச் சினிமா முந்திச் செய்துவிட்டது. மாரி செல்வராஜின் ‘வாழை’ (2024) வாழைத்தார் சுமக்கப் போகாமல் தப்பித்த ஒரு பையனைப் பற்றியது. அவன் தப்பித்த நாளில்தான் விபத்து நடக்கிறது. போனவர்கள் போக, மிஞ்சியவனின் பசியும் குற்ற உணர்வும் ஒன்றாகக் கலக்கும் அந்தக் கடைசிப் பகுதிக்கு ஈடாகத் தமிழில் ஓர் இளையோர் நாவலை என்னால் காட்ட முடியவில்லை. காமிரா கடைசிவரை பையனின் உயரத்திலேயே நிற்கிறது.

உலகத்தில் இந்த வகைக்குத் தனிப் பெயரும் சந்தையும் உண்டு. 1951இல் வந்த சாலிஞ்சரின் ‘தி கேட்சர் இன் த ரை’ பெரியவர்களுக்காக எழுதப்பட்டதுதான். பதின்பருவத்தினர் அதைக் கைப்பற்றிக்கொண்டார்கள். 1967இல் ‘தி அவுட்சைடர்ஸ்’ வெளியானபோது அதை எழுதிய எஸ்.இ. ஹின்டனுக்கு வயது 18. பிள்ளையைப் பற்றிப் பிள்ளையே எழுதலாம் என்ற துணிச்சல் அதிலிருந்து பரவியது. 1999இல் லாரி ஹால்ஸ் ஆண்டர்சனின் ‘ஸ்பீக்’, 2017இல் ஜான் கிரீன் தமக்கே உள்ள எண்ணச் சுழற்சி நோயை ஒரு பெண்ணுக்குக் கொடுத்து எழுதிய ‘டர்ட்டில்ஸ் ஆல் த வே டவுன்’ என்று அந்த வரிசை நீள்கிறது. எனக்கு நெருக்கமாகப் பட்டது ஜப்பானிய எழுத்தாளர் மிசுகி சுஜிமுராவின் நாவல். ஆங்கிலத்தில் ‘லோன்லி காசில் இன் த மிரர்’. பள்ளிக்குப் போக முடியாமல் வீட்டிலேயே அடைந்துகிடக்கும் பெண், கண்ணாடிக்குள் புகுந்தால் தன்னைப்போலவே பள்ளிக்குப் போகாத பிள்ளைகளைச் சந்திக்கிறாள். ‘வயிறு வலிக்கு’ என்று காலையில் சுருண்டுகொள்ளும் பிள்ளைகள் தென்காசியிலும் இருக்கிறார்கள். நாம் அவர்களைச் சோம்பேறி என்கிறோம்.

இந்த வகையின் பெரிய சண்டை ஜே ஆஷரின் ‘தர்ட்டீன் ரீசன்ஸ் வை’ (2007) பற்றியது. இறந்துபோன பெண் தன் சாவுக்குக் காரணமானவர்களுக்கு ஒலிநாடாக்களை விட்டுச் செல்கிறாள். 2017இல் நெட்ஃபிளிக்ஸ் தொடராக வந்ததும் மருத்துவர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். 2019இல் அவள் இறக்கும் காட்சியை நிறுவனமே நீக்கியது. கதை சாவைத் தொற்றவைக்குமா என்பது பழைய கேள்வி. 1774இல் கதேயின் ‘வெர்தர்’ வந்த காலத்திலிருந்தே அது கேட்கப்படுகிறது. 1974இல் டேவிட் ஃபிலிப்ஸ் என்ற சமூகவியலாளர் அந்த நாவலின் பெயரையே தொற்றுக்குச் சூட்டினார். 2010இல் வியன்னா ஆய்வாளர்கள் மறுபக்கத்தைக் காட்டினார்கள்: நெருக்கடியைத் தாண்டி வந்தவரின் கதை உயிரைக் காக்கவும் கூடும். அதற்கு மோட்சார்ட்டின் இசைநாடகத்தில் சாவின் விளிம்பிலிருந்து திரும்பும் பாப்பகேனோவின் பெயர். திரும்பக் காரணம், மூன்று சிறுவர்கள் வந்து அவனுக்கு வேறு வழியை நினைவூட்டுவது. மறுபடியும் தோழர்கள்!

ஆக, என்ன எழுதக்கூடாது என்பதைவிட, சாவு கதையில் என்ன வேலை செய்கிறது என்றுதான் கேட்க வேண்டும். ஆஷரின் கதையில் சாவு பழிவாங்குகிறது. நம் வாரப் பத்திரிகைக் கதைகளில் வெகுகாலம் அது நியாயம் கேட்டது. 2017 செப்டம்பரில் நீட் தேர்வின் நிழலில் அரியலூர் மாணவி இறந்தபின் நாம் எழுதிய கவிதைகளிலும் அதே சாயல் இருந்தது. கோபம் நியாயமானது. ஆனால் அந்தக் கவிதைகளை, அடுத்த ஆண்டு தேர்வு எழுதப்போகிற பிள்ளையும் படித்துக்கொண்டிருந்தது.

தமிழர்கள் இந்த வகையில் எழுதவே இல்லை என்றும் சொல்ல முடியாது. இலங்கையில் பிறந்து கனடாவில் வாழும் ஷியாம் செல்வதுரை, 1980இன் கொழும்பில் வாழும் பதினான்கு வயது அம்ரித்தின் தனிமையையும் தன்பால் ஈர்ப்பையும் ‘ஸ்விம்மிங் இன் த மான்சூன் ஸீ’ (2005) என்று இளையோர் நாவலாகவே எழுதினார். சென்னையில் பிறந்த பத்மா வெங்கட்ராமனின் ‘எ டைம் டு டான்ஸ்’ (2014) விபத்தில் காலை இழந்த பரதநாட்டியப் பெண் மறுபடி ஆடக் கற்பதைக் கவிதையில் சொல்கிறது. இரண்டும் ஆங்கிலம். எங்கள் வீட்டு வலியை ஆங்கிலம் வழியாக நியூயார்க் நூலகப் பிள்ளை படித்துவிட்டது, அச்சன்புதூர்ப் பிள்ளை படிக்கவில்லை.

மொழியைப் பற்றி ஒன்று. ஆங்கில நாவல்களில் பிள்ளைகளுக்குத் தங்கள் நோயின் பெயர் தெரியும், மாத்திரையின் பெயரும் தெரியும். எங்கள் பிள்ளைகள் சொல்வது, “ஒரு மாதிரியா இருக்கு.” அந்த ‘ஒரு மாதிரி’க்குள் பயம், வெறுமை, வெட்கம், நெஞ்சுப் படபடப்பு எல்லாம் கிடக்கின்றன. ‘மனச்சோர்வு’ என்று எழுதிவிட்டால் மருத்துவக் கட்டுரைக்குப் பொருந்தும், கதை செத்துப்போகும். தமிழில் நல்ல இளையோர் நாவல் எழுதப் போகிறவருக்கு முன்னூறு பக்கமும் அந்த இரண்டு சொல்லைப் பிரித்துக் காட்டுவதுதான் வேலை. அரசு 2022இல் 14416 என்ற எண்ணில் மனநலச் சேவையைத் தொடங்கியபோது அதற்கு வைத்த பெயர் ‘நட்புடன் உங்களோடு’. அலுவலகம் ஒன்று தன்னை அறியாமல் குறிஞ்சிப்பாட்டுக்குள் போய்விட்டது.

அப்படியொரு நாவல் வந்தால் யாரைப் போய்ச் சேர வேண்டும்? எங்கள் பக்கம் கடையநல்லூர், ஆலங்குளம், தென்காசி சுற்றுவட்டத்தில் பள்ளிக்கூடம் விட்டு வந்த பெண்பிள்ளைகள் அம்மாவோடு உட்கார்ந்து பீடி சுற்றுவார்கள். சொளவு மடியில், இலையும் தூளும் அதில். வடகேரளத்துக் கண்ணூரில் பீடித் தொழிலாளர்கள் ஒரே கூடத்தில் உட்கார்ந்து சுற்றினார்கள். ஒருவர் நாளிதழோ நாவலோ உரக்க வாசிப்பார்; அவர் பங்குப் பீடியை மற்றவர்கள் சுற்றிக் கொடுத்துவிடுவார்கள். 1969இல் தினேஷ் பீடிக் கூட்டுறவு வந்த பிறகும் அந்த வாசிப்பு தொடர்ந்தது. இங்கே அவரவர் வீட்டு நடையில் தனித்தனியே உட்கார்ந்திருக்கிறார்கள், டிவியில் தொடர் ஓடுகிறது. மாமியாரும் மருமகளும் விஷம் வைத்துக்கொள்கிறார்கள். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை தலை நிமிராமல் இலையை மடக்குகிறது. கை ஓயாது. காது சும்மாதான் இருக்கிறது.